கான்வாய் எஸ்2 பிளஸ் டார்ச்: மூணு வருசம் தோட்டத்துல அடிவாங்குனதுக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது பெட்டி பிரிச்ச அன்னைக்கு எழுதற ரிவ்யூ இல்ல. லைட்டு வந்து மூணு வருசம் முடிஞ்சிருச்சு. ரெண்டு தடவ வாய்க்கால்ல விழுந்துருக்கு, ஒரு தடவ ட்ராக்டர் மட்கார்டு மேல வச்சத மறந்துட்டு நானே ஓட்டிட்டுப் போயி மண் ரோட்டுல உருண்டுச்சு, தலப்பக்கம் கருப்பு கோட்டிங் போயி அலுமினியம் பளபளன்னு தெரியுது, பின்னாடி ரப்பர் பட்டன்ல அப்பாவோட வெத்தல சுண்ணாம்புக் கறை. என்கிட்ட மொத்தம் 13 லைட்டு இருக்கு, அதுல இந்தக் கோலத்துல இருக்கறது இது ஒண்ணுதான். மிச்சம் பன்னெண்டும் ஹால்ல கண்ணாடி அலமாரிக்குள்ள வரிசையா நிக்குது. எங்க வீட்டுல கொலு வைக்கற வழக்கமே கிடையாது, ஆனா வர்ற சொந்தக்காரங்க எல்லாம் அத பாத்துட்டு "என்னப்பா உங்க வீட்டுல வருசம் பூரா கொலுவா"ன்னு கேட்டுட்டுதான் காப்பி குடிக்கறாங்க.

எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. நான் கோயமுத்தூர்ல வேலை, சனி ஞாயிறு தோட்டத்துக்கு வந்துருவேன். விவசாயத்துக்கு 1990ல இருந்தே கரண்ட் ப்ரீதான், ஆனா த்ரீ பேஸ் எப்ப வரும்ங்கறது நம்ம கையில இல்ல, நைட் ஷிப்ட் வந்தா பன்னெண்டு மணிக்கோ ரெண்டு மணிக்கோ எந்திரிச்சு மோட்டார் ரூமுக்கு நடக்கணும், வீட்டுல இருந்து முன்னூறு அடி, நடுவுல ஒரு வரப்பு ஒரு வாய்க்கா, காஞ்ச மட்டை எங்க பாத்தாலும் கெடக்கும், அதுக்கு அடியில பூச்சி கெடக்கும். (பூச்சின்னா பாம்பு. ராத்திரியில பேர சொல்லக்கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லி வளத்துட்டாங்க, டைப் பண்றதும் ராத்திரி பதினோரு மணிக்கு, அதனால பூச்சின்னே இருக்கட்டும்.) அதனால எங்க வீட்டுல டார்ச்சுங்கறது செருப்பு மாதிரி, அது இல்லாம வாசப்படி தாண்ட முடியாது.

சரி சாமானுக்கு வர்றேன். எஸ்2 பிளஸ் அரை ஜாண் நீளம், அஞ்சு ரூபா காசு அகலம், ஒரு 18650 செல் போடற டியூப் லைட்டு. 18650ங்கற பேருலயே அளவு இருக்கு, 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம், பழைய லேப்டாப் பேட்டரிய ஒடச்சு பாத்தீங்கன்னா உள்ள இருக்குமே அதே செல்தான். உள்ள ஒரு சின்ன ரிஃப்ளெக்டர், ஒரே ஒரு எல்இடி, பின்னாடி ஒரு பட்டன், அவ்வளவுதான், வேற ஒண்ணும் கிடையாது. சார்ஜிங் ஓட்டை கிடையாது, டிஸ்பிளே கிடையாது, ப்ளூடூத் கிடையாது (டார்ச்சுக்கு எதுக்கு ப்ளூடூத்னு கேக்காதீங்க, அதுவும் வந்தாச்சு). எனக்கு செல் இல்லாம லைட்டு மட்டும் 1,800 ரூபா சொச்சம் ஆச்சு. சைனாவுல இருந்து நேரா வாங்கிட்டு இருந்த ஷாப்பிங் ஆப்பை 2020 நவம்பர்ல நம்ம ஊர்ல தடை பண்ணிட்டாங்க, அதுக்கப்புறம் எனக்கு வழி துபாய்ல இருக்கற மச்சான்தான், அவன் வருசத்துக்கு ஒருக்கா வரும்போது பேரீச்சம்பழத்தோட ஒரு லைட்டும் வரும். தனியா செல் கொண்டு வந்தா கைப்பையில வைக்க சொல்லுங்க, லித்தியம் செல்ல லக்கேஜ்ல போட்டு அனுப்ப விட மாட்டாங்க, பொட்டிய தொறக்க சொல்லி எடுத்துடுவாங்க.

இந்த லைட்ட நான் வாங்குனதுக்கு காரணம் உள்ள இருக்கற எல்இடி. நிச்சியா 519ஏ, 4500 கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா நீலமாங்கறதுக்கான அளவு). நிச்சியா ஜப்பான் கம்பெனி, நீல வெளிச்சம் குடுக்கற பிரகாசமான எல்இடிய 1993ல மார்க்கெட்டுக்கு கொண்டு வந்தது அவங்கதான், அங்க வேல பாத்துட்டு இருந்த நகமுராவுக்கு இன்னும் ரெண்டு பேரோட சேத்து 2014ல நோபல் குடுத்தாங்க. வெள்ள எல்இடின்னு நாம சொல்றதெல்லாம் உண்மையில நீல எல்இடி மேல மஞ்ச பூச்சு பூசுனது, லைட்ட அணச்சுட்டு மூஞ்சிப்பக்கம் உத்துப் பாருங்க, நடுவுல மாங்கா பத்தை கலர்ல ஒரு சின்ன கட்டம் இருக்கும், அதுதான் அந்தப் பூச்சு. பூச்சு எப்படிப்பட்டதுங்கறதுலதான் எல்லா வித்தியாசமும். கடையில தொங்கற எரநூறு ரூபா லைட்டுல நீலம் தூக்கலா இருக்கும், மொத பார்வைக்கு "அடேங்கப்பா என்னா வெளிச்சம்"னு இருக்கும், ஆனா தோட்டத்துல அடிச்சு பாத்தா மண்ணும் மட்டையும் தேங்கா நாரும் எல்லாம் ஒரே சாம்பல் கலர்.

கலர் சரியா தெரியறதால என்ன லாபம்னு கேப்பீங்க. போன வருசம் ஐப்பசி மழையில ஒரு நைட்டு மோட்டார் உறுமிட்டு ஓடல. ஸ்டார்ட்டர் பொட்டிய தொறந்தா உள்ள எலி கூடு கட்டி, ஒயர் எல்லாம் தூசி எண்ணெய் எல்லாம் அப்பி கெடக்கு. மெயின ஆஃப் பண்ணிட்டு அப்பா கையில இருந்த பழைய ப்ளாஸ்டிக் லைட்டுல பாத்தோம், சிவப்பு ஒயரு பழுப்பா தெரியுது, மஞ்ச ஒயரு வெள்ளையா தெரியுது, நீலம் கருப்பா தெரியுது, மூணு பேஸ்ல எது எதுன்னு அப்பா விரலால தொடச்சு தொடச்சு பாத்துட்டு இருக்காரு. நான் இத மோட்டார் மேல நிமித்தி வச்சேன், வாலு தட்டையா இருக்கறதால நேரா நிக்கும், மேல ஆஸ்பெஸ்டாஸ்ல பட்டு வெளிச்சம் ரூம் பூரா பரவுச்சு. சிவப்பு சிவப்பா தெரிஞ்சுது. அவ்வளவுதான் விசயம். மஞ்ச ஒயரு எலி கடிச்சு ஒரு இழை மட்டும் ஒட்டிட்டு இருந்தது, பேஸ் ஒண்ணு வராமதான் மோட்டார் உறுமிட்டு நின்னுருக்கு. அப்பா ஒண்ணும் சொல்லல, ஒயர சீவி முறுக்கி போட்டுட்டு வர்ற வழியில இந்த லைட்ட அவரு கையில வச்சுக்கிட்டாரு, அதுக்கப்புறம் அது எனக்கு திரும்பி வரவே இல்ல.

வெளிச்சம் எவ்வளவுன்னா ஆயிரம் லூமன்கூட வராது. அத நான் குறையா சொல்லல. லூமன்ங்கறது மொத்தமா எவ்வளவு வெளிச்சம் கொட்டுதுங்கற கணக்கு, எவ்வளவு தூரம் போகும்ங்கறது வேற கணக்கு, அதுக்கு கேண்டெலா பாக்கணும், ஒரே திசையில வெளிச்சம் எவ்வளவு குவிஞ்சு அடிக்குதுங்கற அளவு. அட்டையில போடற தூரத்துக்கு 2009ல ஒரு ஸ்டாண்டர்டு வந்துச்சு, எஃப்எல்1னு, அதுபடி 400 மீட்டர்னு போட்டிருந்தா 400 மீட்டர்ல கால் லக்ஸ் விழுதுன்னு அர்த்தம், கால் லக்ஸ்ங்கறது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான். அந்த தூரத்துல ஏதோ நிக்குதுன்னு தெரியும், அது மாடா மாமனாரான்னு தெரியாது. இன்னொரு கூத்து, தூரத்த ரெண்டு மடங்கு பண்ண கேண்டெலா நாலு மடங்கு வேணும், 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 400 வேணும்னா 40,000. அதனால அட்டையில இருக்கற நம்பர பாத்து வாய பொளக்காதீங்க. எஸ்2 பிளஸ் தூரம் அடிக்கற லைட்டே இல்ல, நூறு மீட்டர் தாண்டுனா கரைஞ்சு போயிரும், ஆனா காலுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு அடிக்கு வட்டமா, ஓரத்துல வெட்டு விழாம, மெத்து மெத்துன்னு பரவும். பூச்சி கெடக்கறது நூறு மீட்டர்லயா, காலுக்கு அடியில.

நடைமுறையில ஃபுல்லா வச்சா ஒரு மணி நேரம் சொச்சம் தாங்கும், பத்து நிமிசத்துல கையில சூடு ஏறும், வெயில்காலத்துல இன்னும் சீக்கிரம். நடுவுல ஒரு அளவு இருக்கு, மூணுல ஒரு பங்கு, அதுல மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும், அப்பா எப்பவும் அதுலதான் வச்சிருப்பாரு. எல்லாத்துக்கும் கீழ ஒரு மினுக்கட்டாம்பூச்சி மோடு இருக்கு, ராத்திரி தூங்கற புள்ளைய எழுப்பாம பாத்ரூம் போக அது போதும், இருட்டுக்கு பழகுன கண்ணு கெடாது. செல் எறங்க எறங்க வெளிச்சமும் மெதுவா எறங்கும், திடுக்குன்னு அணையாது, வரப்புல நடக்கறவனுக்கு அது நல்லதுதான்.

ஆனா பட்டன் விசயத்துல எங்க வீட்டுல ஒரு வாரம் சண்டை. இது பழைய கால லைட்டு மாதிரி அமுக்குனா எரியும், இன்னொருக்கா அமுக்குனா அணையும், ஆனா எரியும்போது பாதி அமுக்குனா மோடு மாறும். அப்பாவுக்கு மோடுன்னாலே ஆகாது. கட்ட வெரல் லேசா படும், கண்ண பறிக்கற மாதிரி விட்டு விட்டு எரியும், "இதென்ன சாமி, திருவிழா சீரியல் செட்டா? லைட்டுன்னா அடிச்சா எரியோணும், அமுக்குனா நிக்கோணும்"னு தூக்கி கட்டில்ல போட்டுட்டாரு. அப்புறம் நான் உக்காந்து மாத்துனேன், உள்ள மோடுங்கள சேத்து வச்ச குரூப் மொத்தம் 12 இருக்கு, பட்டன தந்தி அடிக்கற மாதிரி படபடன்னு பாதி அமுக்கு அமுக்குனா செட்டிங்குக்கு போகும், மினுக் மினுக்னு எண்ணி வேணுங்கற குரூப்ல நிறுத்தணும். அந்த மின்னல் வெட்டற மோடு இல்லாத குரூப் ஒண்ணு புடிச்சு வச்சேன். அதுக்கப்புறம் சத்தம் இல்ல.

இனி அலமாரி கதை. இத சொல்லாம ரிவ்யூ முடியாது, ஏன்னா "இவ்வளவு லைட்டு வச்சிருக்கியே எது நல்லா இருக்கும்"னு கேக்கறவங்களுக்கு நான் சொல்ற பதிலே அந்த அலமாரியில இருந்துதான் வருது.

மொத லைட்டு அப்பாரோடது (அப்பாருன்னா எங்க பக்கம் தாத்தா). மூணு கட்டை பேட்டரி போடற பித்தள லைட்டு, எவரெடி, அந்தக் காலத்துல யூனியன் கார்பைடு கம்பெனி போட்டது. அவரு போனதுக்கு அப்புறம் யாரும் தொடல, நான் காலேஜ் படிக்கும்போது எடுத்து அலமாரியில நிக்க வச்சேன், கையில எடுத்தா கனமா இருக்கணும்னு புது கட்டை மூணு வாங்கி போட்டு வச்சேன் பாருங்க, அந்த புத்திசாலித்தனம்தான். சாதாரண கட்டையில வெளிய இருக்கற துத்தநாக டப்பாவே ஒரு முனை, கரண்ட் எடுக்க எடுக்க அந்த டப்பாதான் கரையுது, எடுக்காம வச்சாலும் மெதுவா கரையுது. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள் எடுத்து ஆட்டுனா சத்தமே இல்ல, மூடிய தெறக்க முடியல, ஒரு மாதிரி பச்சையும் வெள்ளையுமா பொங்கி மூடி ஓரத்துல வழிஞ்சு காஞ்சு கெடக்கு. மரக்குச்சிய விட்டு தட்டித் தட்டி மூணாவது கட்டைய எடுக்க அரை நாள் ஆச்சு, ஆப்ப சோடாவ தண்ணியில கொழச்சு துணியில நனைச்சு உள்ள தேச்சேன், சாதாரண கட்டைன்னா சோடா, அல்கலைன் செல் கசிஞ்சா அது காரம், அதுக்கு எலுமிச்சையோ வினிகரோ. வாலுல இருந்த ஸ்ப்ரிங் பொடிப்பொடியா கைல வந்துருச்சு.

அப்பாரு கையில இருவது வருசம் தோட்டம், கெணறு, சந்தைன்னு சுத்துன லைட்டு. அவரு வச்சிருந்தப்ப ஒண்ணும் ஆகல. நான் பத்திரமா வச்ச ரெண்டு வருசத்துல உள்ளயே புண்ணு புடிச்சுருச்சு. தொடச்சு எடுத்து வெளிச்சத்துல பாத்தப்பதான் ஒண்ணு கவனிச்சேன், மேல பூசுன வெள்ளி கலர் முலாம் எல்லா இடத்துலயும் இருக்கு, சுவிட்சுக்குப் பக்கத்துல கட்ட வெரல் படற எடத்துல மட்டும் அவரைக்கொட்டை அளவுக்கு முலாம் போயி பித்தள மஞ்சளா தெரியுது. என் கட்ட வெரல அங்க வச்சு பாத்தேன். சரியா பொருந்தல, அவருக்கு கை பெருசு.

அதுல இருந்துதான் இந்த கிறுக்கு. அடுத்து மினி மேக்லைட், ரெண்டு பேனா செல் போடறது, 1984ல அமெரிக்காவுல வந்த மாடல், தலைய சுத்துனா எரியும், இன்னும் சுத்துனா வட்டம் குறுகும் விரியும், வால் மூடிய தெறந்தா உள்ள ஒரு ஸ்பேர் பல்பு ஒளிஞ்சிருக்கும், அந்த ஸ்பேர் பல்புக்காகவே எனக்கு அத புடிக்கும். வெளிச்சம்னு பாத்தா இப்ப இருக்கற போன் லைட்டே தேவலாம். அப்புறம் ஒரு எல்இபி லைட்டு, அதுக்குள்ள எல்இடியே கிடையாது, லேசர பூச்சு மேல அடிச்சு வர்ற வெளிச்சத்த லென்ஸ் வழியா குச்சி மாதிரி அனுப்பும், மொத நாள் மொட்டமாடியில நின்னு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கற தண்ணி டேங்க் மேல வட்டம் போட்டு காட்டுனேன், மச்சான் கைதட்டுனான். ரெண்டாவது நாள் என்ன பண்றதுன்னு தெரியல. அந்த வட்டம் அவ்வளவு சிறுசு, கீழ அடிச்சா ஒரு தட்டு அளவுதான் விழும், அத வச்சு நடக்கவே முடியாது. வாங்குன வெலைக்கு சொட்டு நீர் பைப்பு ஒரு ஏக்கருக்கு போட்டிருக்கலாம்னு அம்மா இன்னும் சொல்றாங்க, தப்பு சொல்ல முடியல.

நாலு எல்இடி வச்ச ஒரு குட்டி லைட்டும் இருக்கு, கம்பெனி பேரு வேண்டாம். அதுக்கு ரெண்டு விசேசம். ஒண்ணு, அணச்சு வச்சாலும் உள்ள குட்டி குட்டி கலர் பல்பு மினுமினுன்னு எரிஞ்சுட்டே இருக்கும், அலமாரிக்குன்னே செஞ்சது மாதிரி, செல் போட்டு வச்சிருந்தப்ப ராத்திரி ஹால்ல பச்சை நீலம் ஊதான்னு மாறிட்டே இருக்கும். ரெண்டு, பாக்கெட்ல பட்டன் தவறி அமுங்குனா முழு வெளிச்சத்துல எரியும், எனக்கு ஒரு கல்யாண வீட்டுல பேன்ட் பாக்கெட்ல எரிஞ்சு தொடையில கொப்பளம், பந்தியில உக்காந்திருந்தவன் எந்திரிச்சு ஓடுனேன், சாம்பார் கொட்டிருச்சுன்னு எல்லாரும் நெனச்சாங்க. லாக் பண்ணாம பாக்கெட்ல போட்டது என் தப்புதான். ஆனா அந்த மினுமினுப்ப தெரியாம ஜாஸ்தியில வச்சுட்டு மறந்துட்டேன், வாரக்கணக்குல எரிஞ்சு செல் அடிமட்டத்துக்கு போயிருச்சு, மீட்டர்ல பாத்தா ஒரு வோல்ட்டுகூட இல்ல. அந்த மாதிரி செத்த லித்தியம் செல்ல திரும்ப சார்ஜ் ஏத்தி பொழைக்க வைக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, தூக்கி போட்டுருங்க, வீடு முக்கியம்.

சிங்கப்பூர்ல இருக்கற என் பிரெண்டு ஒருத்தன் இத விட பெரிய கிறுக்கன், டைட்டானியம் லைட்டா சேக்கறான், அதுல பொத்தல் போட்டு ட்ரிட்டியம் குழாய் பதிச்சிருப்பான், அது பேட்டரியே இல்லாம தானா ஒளி விடற சாமான். ஒரு கீறல் விழாம துணிப்பையில சுத்தி வச்சிருக்கான். நான் அவன்கிட்ட கேட்டேன், ட்ரிட்டியத்துக்கு அரை ஆயுள் 12 வருசம் சொச்சம்தானடா, நீ எடுத்தாலும் எடுக்காட்டியும் அது பாதியா கொறையுமே, யாருக்கு பத்திரப்படுத்தறேன்னு. "நீ மொதல்ல உன் கட்டைய கழட்டிட்டியா"ன்னு கேட்டான். பதில் இல்ல என்கிட்ட.

சும்மா வச்சாலும் கெடும்ங்கறது தெரிஞ்சதுல இருந்து நான் பண்றது இதுதான்: அலமாரியில நிக்கற எதுலயும் செல் இருக்காது, லித்தியம் செல்ல தனி ப்ளாஸ்டிக் டப்பாவுல, 4.2 வோல்ட் ஃபுல்லா ஏத்தாம 3.7 பக்கம் வச்சு, பீரோவுல சூடு படாத அடித்தட்டுல போட்டுருக்கேன், ஃபுல்லா ஏத்தி வச்சா சீக்கிரம் கெழடு தட்டும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து மீட்டர் வைக்கறேன், திருகு மரையில சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு, ரப்பர் வளையம் காஞ்சு போகாம இருக்க. இத எல்லாம் பண்ணும்போது அம்மா பாத்துட்டு, மாட்டுக்கு தண்ணி காட்ட சொன்னா நேரம் இல்லங்கற, இதுக்கு மட்டும் எண்ணெ தடவி குளிப்பாட்டறியான்னு.

அம்மான்னதும் ஞாபகம் வருது. வுர்க்கோஸ் டிஎஸ்10னு சுண்டுவெரல் நீளத்துக்கு கொஞ்சம் கூட ஒரு குட்டி லைட்டு, அலுமினியத்துலயும் வரும், பித்தளயிலயும் செம்புலயும் வரும், நான் செம்பு வாங்குனேன். சேக்கறவங்களுக்கு செம்புல என்ன ஆசைன்னா, கை பட்டு பட்டு காத்து பட்டு கருத்து, அங்கங்க செவப்பு, அங்கங்க பழுப்புன்னு ஒரு கலர் வரும், ஒவ்வொருத்தர் லைட்டும் ஒவ்வொரு மாதிரி. நான் எட்டு மாசம் பாத்து பாத்து வளத்தேன். ஆயுத பூசைக்கு மொத நாள், நான் கோயமுத்தூர்ல இருந்து வர்றதுக்குள்ள அம்மா கொடம், குத்துவெளக்கு, சொம்பு எல்லாம் புளி போட்டு வெளக்கறாங்க, கூடவே இதையும் எடுத்து "கருத்து போயி கெடக்குதே"ன்னு புளி உப்பு போட்டு நல்லா அழுத்தி தேச்சு வச்சுட்டாங்க. நான் வந்து பாக்கறேன், கடையில வாங்குன அன்னைக்குகூட அவ்வளவு பளபளன்னு இல்ல. எனக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியல. "எவ்வளவு சுத்தமாயிருச்சு பாரு கண்ணு"ன்னு கையில குடுத்தாங்க. ஆமாங்கம்மான்னு வாங்கிக்கிட்டேன். உள்ள தண்ணி போகல, அது ஒண்ணுதான் ஆறுதல்.

அடுத்த நாள் பூச. மோட்டார் ரூம்ல வாழக்கன்னு கட்டி, மம்முட்டி, அருவா, தேங்கா உரிக்கற கம்பி, ஸ்ப்ரேயர், ட்ராக்டர் சாவி எல்லாம் வரிசையா வச்சு, நானும் ஆசையா என் லைட்டு எல்லாத்தையும் தாம்பாளத்துல வச்சு கொண்டு போனேன், வருசத்துல ஒரு நாள் அதுங்களும் வெளிய வரட்டுமேன்னு. அப்பா சந்தனக் கிண்ணத்தோட ஒவ்வொண்ணுக்கா பொட்டு வச்சுட்டே வந்தாரு. தாம்பாளத்துக்கிட்ட வந்ததும் நின்னாரு, இடுப்புல சொருகி இருந்த கான்வாய எடுத்தாரு, துண்டுல தொடச்சாரு, அந்த அலுமினியம் தெரியற எடத்துல சந்தனம் வச்சு குங்குமம் வச்சு மம்முட்டி பக்கத்துல சாச்சாரு. மிச்சத்த ஒரு தடவ பாத்தாரு. "இதெல்லாம் வேல செய்யற சாமானா சாமி?"ன்னாரு. திட்டல, நெசமாவே தெரியாம கேட்டாரு. நான் அப்பாரு லைட்ட மட்டும் எடுத்து நீட்டுனேன். ஸ்ப்ரிங் இல்லாதது, எரியாதது. அதுக்கு ஒண்ணும் பேசாம பெரிய பொட்டா வச்சாரு.

சரி, வாங்கலாமா வேண்டாமான்னா. தோட்டம், ராத்திரி நடை, வண்டியில வைக்க, கரண்ட் போனா வீட்டுக்குன்னு ஒரே லைட்டு வேணும்னா கண்ண மூடிட்டு வாங்கலாம், 519ஏ போட்டதா பாத்து கேளுங்க, 4000க்கும் 5000 கெல்வினுக்கும் நடுவுல எடுங்க, ரொம்ப மஞ்சளும் வேண்டாம் ரொம்ப நீலமும் வேண்டாம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்னி நிக்குதான்னு பாக்கணும்னா இது ஆகாது, பெரிய தலை வச்ச லைட்டு தனியா வேணும். வீட்டுல பெரியவங்களுக்குக் குடுக்கறதா இருந்தா குரூப்ப மாத்தி செட் பண்ணிட்டு குடுங்க.

செல் வாங்கும்போது ஜாக்கிரதை. மொத செல் நான் ஆன்லைன்ல ஏதோ ஒரு விக்கறவங்ககிட்ட எடுத்தேன், மேல பெருசா 9900 எம்ஏஎச்னு போட்டிருந்தது, பத்து நிமிசத்துல மங்கிருச்சு. 18650 அளவுல நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 3,500 பக்கம்தான் நிக்குது, சாம்சங் 35ஈ மாதிரி, அதுக்கு ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு அள்ளி விட்டா அட்டைய பாத்து சிரிச்சுட்டு வந்துருங்க. சந்தேகமா இருந்தா அம்மா காய்கறி நிறுக்கற எலக்ட்ரானிக் தராசுல வச்சு பாருங்க, நல்ல செல் 45ல இருந்து 50 கிராம் இருக்கும், எனக்கு வந்தது முப்பதுகூட இல்ல, உள்ள என்ன மாவா மண்ணான்னு சாமிக்குத்தான் தெரியும்.

ரேட்டிங்னா அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ண கழிச்சது சார்ஜுக்கு. தனி சார்ஜர் வாங்கணும், செல்ல கழட்டணும், ப்ளஸ் மைனஸ் பாத்து போடணும், அப்பா கண்ணாடி போடாம அத பண்ண மாட்டாரு, அவரு கண்ணாடி எப்பவும் காணாம போயிருக்கும், அதனால வாரத்துக்கு ஒருக்கா நான் வந்துதான் மாத்தறேன், ரெண்டு செல் சுத்துல ஓடுது. பேட்டரி எவ்வளவு இருக்குன்னு காட்ட ஒரு பொட்டு பல்பாவது வச்சிருக்கலாம்.

போட்டோ எடுக்கலாம்னு லைட்ட நான் எடுத்துட்டு மாடிக்கு வந்தேன், கீழ அப்பா கட்டிலுக்கு அடியில தடவற சத்தம் கேக்குது. இன்னைக்கு கரண்ட் பன்னெண்டு மணிக்கு. குடுத்துட்டு வந்துடறேன், போட்டோ நாளைக்கு.